முதல் தடவை பூத் ஏஜென்ட்டா உக்காரப் போறீங்களா, விடியக்காலை 5 மணில இருந்து 17சி கைக்கு வர்ற வரைக்கும்

போன எலெக்‌ஷனுக்கு முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு எங்க தெரு தம்பி ஒருத்தன் வந்து நின்னான். "அண்ணே, நாளைக்கு பூத்ல என்னை உக்காரச் சொல்லிட்டாங்க, அங்க போய் என்ன பண்ணணும்?" கைல ஒரு பேனா கூட இல்ல. "சும்மா உக்காந்துட்டு வா, மதியம் சாப்பாடு வந்துரும்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அன்னைக்கு திண்ணைல உக்காந்து அவனுக்கு சொன்னதைத்தான் கொஞ்சம் விவரமா இங்க எழுதுறேன், எந்தக் கட்சின்னு எல்லாம் நான் கேக்கல, சுயேச்சைக்கு உக்காந்தாலும் வேலை ஒண்ணுதான்.

அவனைச் சொல்லி என்ன, நான் முதல் தடவை உக்காந்த லட்சணமும் அதேதான். காலைல 6:50-க்கு ஆடி அசைஞ்சு போனேன், சாயங்காலம் அஞ்சரைக்கு கூட்டமே இல்லையேன்னு கிளம்பி வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி எங்காளு ஒருத்தர் போன் பண்ணி "17சி எங்கப்பா"ன்னு கேட்டார், அது என்ன வஸ்துன்னே எனக்குத் தெரியாது. மெஷின் காலியா இருக்குன்னு காட்டுற நேரத்தையும் கோட்டை விட்டேன், மொத்தம் எத்தனை ஓட்டுன்னு எழுதிக் கையெழுத்து போட்டு குடுக்குற அந்த 17சி படிவத்தை வாங்குற நேரத்தையும் கோட்டை விட்டேன், நடுவுல 10 மணி நேரம் மட்டும் ஒழுங்கா வேடிக்கை பார்த்திருக்கேன். ஒரு ஏஜென்ட்டுக்கு இருக்குற வேலைல முக்கால்வாசி அந்த ரெண்டு முனையிலதான் இருக்கு, இது புரிஞ்சாலே மத்ததெல்லாம் தானா வரும்.

முதல்ல பேப்பர்

வேட்பாளரோ அவரோட தலைமை ஏஜென்ட்டோ கையெழுத்து போட்ட படிவம் 10 இருந்தாத்தான் உங்களை உள்ள விடுவாங்க. அந்தக் கையெழுத்தோட மாதிரி பிரிசைடிங் ஆபீசர் (பூத்துக்குப் பொறுப்பான அதிகாரி) கைல ஏற்கனவே இருக்கும், ஒத்துப் பார்ப்பார், அதனால "அண்ணன் ஊர்ல இல்ல, நானே போட்டுட்டேன்"ங்கிற கதை நடக்காது. ஒரு வேட்பாளருக்கு ஒரு பூத்துக்கு ஒரு ஏஜென்ட், மாத்தி உக்கார ரெண்டு பேர், ஆனா ஒரு நேரத்துல உள்ள ஒருத்தர்தான். படிவத்துல பிரிசைடிங் ஆபீசர் முன்னாடி நீங்க ஒரு கையெழுத்து போடணும், ஓட்டு ரகசியத்தைக் காப்பாத்துவேன்னு குடுக்குற உறுதிமொழி அது, சும்மா சடங்குன்னு நினைக்காதீங்க.

அந்த பூத்லயோ பக்கத்து பூத்லயோ ஓட்டு இருக்குறவங்களாப் பார்த்துப் போடுறதுதான் வழக்கம். சட்டத்துக்காக மட்டும் சொல்லல, தெருக்காரன் உக்காந்தாத்தான் வர்ற முகத்தை அடையாளம் தெரியும், வெளியூர்க்காரனை உக்கார வெச்சா அவனுக்கு எல்லாரும் ஒண்ணுதான். கவர்மென்ட் ஊழியரா இருந்தா தயவு செஞ்சு ஒதுங்கிக்கங்க, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 134ஏ பிரிவு இருக்கு, 3 மாசம் வரைக்கும் ஜெயில்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: உங்க ஓட்டர் ஐடி, அந்த பூத்துக்கான பாகத்தோட வாக்காளர் பட்டியல், ரெண்டு பேனா, ஒரு நோட்டு, தண்ணி பாட்டில், கொஞ்சம் 2 ரூபா நாணயம் (எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்). போன் உள்ள ஆகாது, வீட்லயே வெச்சுட்டு கைல ஒரு வாட்ச் கட்டிக்கங்க. கரை வேட்டி, கட்சித் துண்டு, சின்னம் போட்ட பேனா எதுவும் வேண்டாம், காலங்காத்தால அதை வெச்சே ஒரு சண்டை ஆரம்பிக்கும், அந்த சண்டைல முக்கியமான வேலையை விட்டுருவீங்க.

ஒரு வாரம் முன்னாடியே பண்ண வேண்டிய வேலை

இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வாக்காளர் பட்டியலை எடுத்துட்டு தெருத் தெருவா ஒரு நடை நடங்க. யாரு இறந்துட்டாங்க, எந்த வீடு காலி, யாரு கல்யாணம் ஆகி வேற ஊர் போயிட்டாங்க, யாரு துபாய்ல இருக்காங்கன்னு பென்சில்ல குறிங்க. கள்ள ஓட்டுன்னு ஒண்ணு விழணும்னா பெரும்பாலும் இந்தப் பேர்கள்லதான் விழும், வீட்ல இருக்குற ஆள் பேர்ல போட்டா அவரே வந்து நிப்பாரு இல்லையா. ஆபீசர் கிட்டயும் இதே மாதிரி ஒரு லிஸ்ட் இருக்கும், ஏஎஸ்டி லிஸ்ட்னு சொல்வாங்க, வராதவங்க, இடம் மாறினவங்க, இறந்தவங்க. அதுல பேர் இருக்குற ஒருத்தர் நேர்ல வந்தா ஓட்டு போடவே கூடாதுன்னு இல்ல, ஆனா ஐடியை நல்லா சரிபார்த்து, கையெழுத்தோட ரேகையும் வாங்கி, அப்புறம்தான் விடுவாங்க. உங்க லிஸ்ட்டையும் அவர் லிஸ்ட்டையும் காலைலயே ஒரு தடவை ஒத்துப் பாருங்க.

பட்டியல்ல பேர் சேர்க்கவோ நீக்கவோ அன்னைக்கு யாராலயும் முடியாது. படிவம் 6 சேர்க்க, 7 நீக்க, 8 திருத்த, இடம் மாத்த, இதெல்லாம் முன்னாடியே முடிச்சிருக்கணும். 2025 நவம்பர்ல தமிழ்நாட்டுல எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம்) ஆரம்பிச்சப்ப வீடு வீடா ஃபார்ம் குடுத்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல பாகத்துக்கு பாகம் பேரை எண்ணிப் பார்க்குறதும் இதே வேலைதான், தேர்தல் அன்னைக்கு பூத் வாசல்ல நின்னு கத்துறதை விட ஆயிரம் மடங்கு பிரயோஜனம்.

விடியக்காலை: மாக் போல்

7 மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா ஐந்தரைக்கு மாதிரி ஓட்டுப்பதிவு ஆரம்பிக்கும், அதாவது 90 நிமிஷம் முன்னாடி. 5 மணிக்கு நீங்க பள்ளிக்கூட வாசல்ல நிக்கணும். ஏஜென்ட் குறைஞ்சது ரெண்டு பேராவது இருக்கணும், இல்லன்னா ஒரு கால் மணி நேரம் காத்திருப்பாங்க, அதுக்கும் யாரும் வரலன்னா அவங்க பாட்டுக்கு நடத்திட்டுப் போய்டுவாங்க, அப்புறம் நீங்க போய் "எனக்குக் காட்டலையே"ன்னு கேக்க வாய் இருக்காது.

என்ன நடக்கும்னா, மூணு பெட்டி இருக்கும். நீங்க பட்டன் அழுத்துறது பேலட் யூனிட், ஆபீசர் பக்கம் இருக்குறது கன்ட்ரோல் யூனிட், சீட்டு அச்சடிக்கிறது விவிபேட். ஒரு பேலட் யூனிட்ல 16 பேருக்கு இடம், நோட்டாவையும் சேர்த்து. 2024-ல கரூர்ல 54 பேர் நின்னாங்க, அப்ப நாலு யூனிட்டை வரிசையா வெக்க வேண்டியதாச்சு. (1996-ல மொடக்குறிச்சில 1033 பேர் நின்ன கதை தெரியும்ல, ஓட்டுச்சீட்டையே புத்தகம் மாதிரி அடிச்சாங்க. அதை நினைச்சா இது ஒண்ணுமே இல்ல.)

மாக் போல்ல குறைஞ்சது 50 ஓட்டு போடணும், நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஓட்டாவது விழணும். ஏஜென்ட்டுங்களே மாத்தி மாத்தி அழுத்துவீங்க. இங்கதான் நோட்டை எடுக்கணும், யாருக்கு எத்தனை போட்டீங்கன்னு ஒவ்வொண்ணா கோடு போட்டு எழுதுங்க. அப்புறம் குளோஸ் பட்டன், ரிசல்ட் பட்டன், உங்க நோட்டுல இருக்குறதும் மெஷின் சொல்றதும் விவிபேட் சீட்டை எண்ணினா வர்றதும் மூணும் ஒண்ணா இருக்கணும். ஒத்துப் போச்சுன்னா கிளியர் பட்டன். குளோஸ், ரிசல்ட், கிளியர், இந்த மூணு வார்த்தையை மனப்பாடம் பண்ணிக்கங்க, கடைசி வார்த்தைலதான் தப்பு நடக்குறது.

ஏன்னா அவசரத்துல கிளியர் பண்ண மறந்துட்டு நிஜ ஓட்டுப்பதிவை ஆரம்பிச்சிருக்காங்க, அப்படி நடந்த பூத்கள் நம்ம நாட்டுல நிறைய உண்டு, சதி எல்லாம் இல்ல, ராத்திரி பூரா தூங்காத ஒரு டீச்சர் காலைல பண்ற தப்பு. ஆனா விளைவு என்ன, 50 ஓட்டு கூடுதலா மெஷின்ல நிக்கும், எண்ணும்போது 17சி-யோட ஒத்துப்போகாது, அந்த மெஷினை ஓரமா வெச்சுடுவாங்க, ஜெயிச்ச வித்தியாசம் அந்த மெஷின்ல இருக்குற மொத்த ஓட்டை விட சின்னதா இருந்தா விவிபேட் சீட்டை எடுத்து எண்ண வேண்டி வரும். அதனால கிளியர் பண்ண பிறகு டோட்டல் பட்டனை அழுத்தச் சொல்லி சைபர் காட்டுதான்னு கண்ணால பாருங்க. விவிபேட் பெட்டியையும் திறந்து காலியா இருக்கான்னு பாருங்க. மாக் போல் சீட்டுங்களை பின்னாடி முத்திரை குத்தி, கறுப்பு கவர்ல போட்டு சீல் வெச்சு, அதை ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு பிங்க் கலர் பேப்பர் சீல் ஒட்டுவாங்க, அதுல உங்க கையெழுத்தும் வாங்குவாங்க.

அடுத்து மெஷினுக்கு சீல். பச்சை பேப்பர் சீல்ல ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அதுல நீங்க கையெழுத்து போடலாம், போடுங்க. அந்த நம்பர், கன்ட்ரோல் யூனிட் நம்பர், பேலட் யூனிட் நம்பர், விவிபேட் நம்பர், நாலையும் நோட்டுல எழுதிக்கங்க. இதே நம்பர்தான் ஓட்டு எண்ற அன்னைக்கு மேஜைல வரணும், "மெஷினை மாத்திட்டாங்க"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற புலம்பலுக்கு உங்க நோட்டுல இருக்குற இந்த நாலு நம்பர்தான் பதில், ஒண்ணு மாத்தலன்னு காட்டும், இல்ல மாத்தினதைக் காட்டிக் குடுக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். விவிபேட் மேல நேரா டியூப் லைட் வெளிச்சமோ ஜன்னல் வெயிலோ படுற மாதிரி வெச்சிருந்தா நகர்த்தி வெக்கச் சொல்லுங்க. 2018-ல உத்தரப் பிரதேசத்துல கைரானா இடைத்தேர்தல்ல விவிபேட் ஏகப்பட்டது மக்கர் பண்ணுச்சு, அதுக்கு அதிக வெளிச்சமும் ஒரு காரணமா சொன்னாங்க.

7 மணிக்கு அப்புறம்

உள்ள முதல் ஆபீசர் பட்டியலைப் பார்த்து வரிசை எண்ணையும் பேரையும் சத்தமா படிப்பார். உங்களுக்குக் கேக்கணும்னுதான் சத்தமா படிக்கிறது, கேக்கலன்னா "சார், கொஞ்சம் சத்தமா"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. ரெண்டாவது ஆபீசர் 17ஏ ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கி, இடது ஆள்காட்டி விரல்ல மை வெச்சு, ஒரு சீட்டு குடுப்பார். மூணாவது ஆபீசர் அந்த சீட்டை வாங்கிட்டு கன்ட்ரோல் யூனிட்ல பேலட் பட்டனை அழுத்தினாத்தான் உள்ள மெஷின் ஒரே ஒரு ஓட்டுக்குத் திறக்கும். வாக்காளர் அழுத்தினதும் விவிபேட் கண்ணாடில சீட்டு 7 செகண்ட் தெரியும், அப்புறம் பீப் சத்தம். அந்த மை மைசூர்ல இருந்து வர்றது, 1962 தேர்தல்ல இருந்து இதே மைதான்.

நீங்க பண்ண வேண்டியது, பேர் படிக்கப் படிக்க உங்க பட்டியல்ல டிக் அடிங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மொத்த எண்ணிக்கையைக் கேட்டு நோட்டுல எழுதுங்க. 17ஏ-ல எத்தனை பேர், மெஷின் டோட்டல் எத்தனை, ரெண்டும் ஒண்ணா போகணும். ஒண்ணு ரெண்டு வித்தியாசம் வந்தா அப்பவே கேளுங்க, சில பேர் கையெழுத்து போட்டுட்டு ஓட்டு போடாமலே போயிடுவாங்க, அதுக்கும் 49ஓ-ன்னு ஒரு விதி இருக்கு, ரிஜிஸ்டர்ல குறிச்சுக்குவாங்க. டிக் அடிச்ச பட்டியலை மட்டும் வெளிய அனுப்பக்கூடாது, "இன்னும் யாரெல்லாம் வரல"ன்னு வெளிய இருக்குற ஆளுங்க கேட்டு அனுப்புவாங்க, குடுத்தா உங்களை எழுப்பி விட்டுருவாங்க.

மெஷின் நடுவுல நின்னா பதறாதீங்க. விவிபேட் மட்டும் பழுதுன்னா அதை மட்டும் மாத்துவாங்க. கன்ட்ரோல் யூனிட்டோ பேலட் யூனிட்டோ போச்சுன்னா மூணையும் சேர்த்து புது செட் வைக்கணும், வைக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓட்டு போட்டு திரும்ப மாக் போல், திரும்ப குளோஸ் ரிசல்ட் கிளியர், திரும்ப புது நம்பரெல்லாம் எழுதணும். டீ குடிக்கப் போற நேரத்துல இது நடந்துச்சுன்னா, டீயை விடுங்க.

கள்ள ஓட்டுன்னு சந்தேகம் வந்தா: அந்த 2 ரூபா

நீங்க உக்காந்திருக்கீங்க, ஒருத்தர் வந்து "கருப்பையா மகன் முருகன்"ங்கிறாரு, உங்களுக்கு முருகனைத் தெரியும், இது முருகன் இல்ல. உடனே எழுந்து சட்டையைப் பிடிக்கக்கூடாது. பிரிசைடிங் ஆபீசர்கிட்ட "சேலஞ்ச் பண்றேன்"னு சொல்லி 2 ரூபா கட்டணும். ஆமா, இன்னைக்கும் 2 ரூபாதான். அவர் ரசீது குடுத்து, உங்ககிட்ட ஆதாரம் கேப்பாரு, வந்தவர்கிட்ட அப்பா பேர், வீட்டு நம்பர், வீட்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு விசாரிப்பாரு, தேவைப்பட்டா தெருக்காரங்களையும் கேப்பாரு. பொய்னு தெரிஞ்சா போலீஸ்ல ஒப்படைப்பாரு, உங்க 2 ரூபா திரும்ப வரும். அவர் நிஜமாவே முருகன்தான்னா ஓட்டு போட்டுட்டுப் போவாரு, நீங்க வேணும்னே தொல்லை குடுத்தீங்கன்னு ஆபீசருக்குத் தோணினா அந்தக் காசு அரசாங்கத்துக்கு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். சேலஞ்ச் பண்றதை ஆயுதமா வெச்சுக்கிட்டு ஆடுற ஏஜென்ட்டுகளையும் பார்த்திருக்கேன். ஒரு பாட்டி, ஐடி எடுத்து இருபது வருஷம் இருக்கும், போட்டோல கறுப்பு முடி, நேர்ல பஞ்சு மாதிரி வெள்ளை. எதிர்ல இருந்தவன் "இது அந்த அம்மா இல்ல"ன்னு குதிச்சான், ஏன்னா அந்தத் தெரு ஓட்டு எந்தப் பக்கம்னு அவனுக்குத் தெரியும். பாட்டி வெயில்ல அரை மணி நேரம் நின்னு பயந்து திரும்பிப் போகப் பார்த்துச்சு, நாங்க மூணு ஏஜென்ட் (அதுல ஒருத்தர் அவன் கூட்டணி) "எங்களுக்குத் தெரியும் சார், இவங்கதான்"னு சொல்லி ஓட்டு போட வெச்சோம். எழுத்துப்பிழை, பழைய போட்டோ இதையெல்லாம் பெருசு பண்ணக்கூடாதுன்னு தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கு. கள்ள ஓட்டு ஒண்ணு உள்ள போறதும் நல்ல ஓட்டு ஒண்ணு வெளிய போறதும் கணக்குல ஒரே நஷ்டம்தான், ஏஜென்ட் ரெண்டுக்கும்தான் காவல்.

ஓட்டர் ஐடி இல்லாம வர்றவங்களை விரட்டவும் விடாதீங்க. பட்டியல்ல பேர் இருந்தா ஆதார், லைசென்ஸ், பான் கார்டு, பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, பென்ஷன் புத்தகம்னு இன்னும் சிலது செல்லும். 2019-ல இருந்து பூத் சிலிப் மட்டும் காட்டினா செல்லாது, இது நிறைய பேருக்கு இன்னும் தெரியாது. பட்டியல்ல பேரே இல்லன்னா மட்டும் எந்த அட்டை காட்டினாலும் முடியாது, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைக்கிறதைத் தவிர வழி இல்ல.

அதான் ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் சுத்துமே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், "பட்டியல்ல பேர் இல்லன்னா ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு கேளுங்க, ஒரு பூத்ல 14 சதவீதத்துக்கு மேல டெண்டர் ஓட்டு விழுந்தா மறு ஓட்டுப்பதிவு"ன்னு. ரெண்டுமே பொய். சேலஞ்ச் ஓட்டுங்கிறது மேல சொன்ன 2 ரூபா கதை, பேர் இல்லாதவங்களுக்கு சம்பந்தமே இல்ல. 14 சதவீதம்னு சட்டத்துல எங்கயும் கிடையாது.

டெண்டர் ஓட்டு என்னன்னா, நீங்க போறதுக்கு முன்னாடியே உங்க ஓட்டை யாரோ போட்டுட்டுப் போயிருந்தா கிடைக்குறது. 49பி (இங்கிலீஷ்ல 49P) விதி, ஒரு சினிமா புண்ணியத்துல இந்த நம்பர் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆபீசர் கேக்குற கேள்விக்கு சரியா பதில் சொன்னா, மெஷின்ல இல்லாம பேப்பர் ஓட்டுச்சீட்டு குடுப்பாங்க, 17பி (இது 17B) படிவத்துல கையெழுத்து வாங்கி தனி கவர்ல வைப்பாங்க. சினிமால சொல்லாம விட்டது என்னன்னா, எண்ணுற அன்னைக்கு இந்தக் கவரைப் பிரிக்க மாட்டாங்க. கோர்ட்டுக்குப் போய், அந்த ஓட்டு முடிவை மாத்துற அளவுக்கு இருந்தாத்தான் இதுக்கு வேலை. அப்படியும் நடந்திருக்கு, 2008-ல ராஜஸ்தான்ல நாத்துவாரா தொகுதில சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டுல தோத்தாரு, அந்த வழக்குல டெண்டர் ஓட்டு விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அதனால உங்க பூத்ல இப்படி ஒருத்தர் வந்தா "விடுங்கம்மா, போனது போச்சு"ன்னு அனுப்பிடாதீங்க, கேட்டு வாங்கிக் குடுங்க, எத்தனைன்னு எழுதியும் வைங்க.

துணைக்கு வர்றவங்க விஷயம் இன்னொண்ணு. கண் தெரியாதவங்க, தானா பட்டன் அழுத்த முடியாதவங்க 18 வயசு ஆன ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு வரலாம், ஆனா ஒருத்தர் அன்னைக்கு ஒரே ஒருத்தருக்குத்தான் துணை போகலாம், 14ஏ படிவத்துல எழுதணும். நம்ம ஊர்ல ஒரு அண்ணன் காலைல இருந்து நாலு ஆட்டோல பாட்டிங்களைக் கூட்டிட்டு வந்து "கண்ணு தெரியாதுங்க"ன்னு ஒவ்வொருத்தர் கூடவும் உள்ள போவாரு பாருங்க, ரெண்டாவது தடவை வரும்போதே "சார், இவர் ஏற்கனவே போயிட்டாரு"ன்னு சொல்லுங்க, 14ஏ-ல பேர் இருக்கும்.

"நான் ஒண்ணுக்கு அழுத்தினேன், சீட்டுல வேற வந்துச்சு"ன்னு யாராவது சத்தம் போட்டா அதுக்கு 49எம்ஏ. எழுத்துல வாங்கிட்டு, ஏஜென்ட்டுங்க முன்னாடியே ஒரு சோதனை ஓட்டு போட விடுவாங்க. சீட்டு தப்பா வந்தா ஓட்டுப்பதிவையே அங்கயே நிறுத்தணும், சரியா வந்தா பொய் சொன்னதுக்கு வழக்கு, அந்த சோதனை ஓட்டு யாருக்கு விழுந்துச்சுன்னு குறிச்சு வெச்சு பின்னாடி கழிப்பாங்க. நீங்களும் குறிச்சுக்கங்க.

மதியம்

ஒண்ணும் நடக்காது. தூக்கம் வரும். எல்லா கட்சி ஏஜென்ட்டும் ஒரே டீயைப் பகிர்ந்து குடிப்பீங்க, ஊர்ல ஜென்ம விரோதியா இருந்தவன் உங்களுக்கு வடை நீட்டுவான், வாங்கிக்கங்க. கூட்டம் இல்லாத இந்த நேரத்துலதான் திடீர்னு வேகம் கூடுதான்னு பார்க்கணும், வாசல்ல வரிசை இல்ல ஆனா எண்ணிக்கை மட்டும் ஏறுதுன்னா உக்காந்திருக்குற நாலு பேரும் தூங்குறாங்கன்னு அர்த்தம். எழுதி வெச்ச ரெண்டு மணி நேரக் கணக்கு இங்க கை குடுக்கும். எந்தப் புகாரா இருந்தாலும் வாயால சொல்லாதீங்க, நேரம் போட்டு எழுதி பிரிசைடிங் ஆபீசர்கிட்ட குடுங்க, அவரோட டைரில ஏறணும்.

சாயங்காலம்: எழுந்திரிக்காதீங்க

6 மணிக்கு முடியுதுன்னா, 6 மணிக்கு வரிசைல நிக்குற எல்லாருக்கும் ஓட்டு உண்டு. கடைசில நிக்குறவர்ல இருந்து ஆரம்பிச்சு முன்னாடி நோக்கி டோக்கன் குடுப்பாங்க, பின்னாடி புதுசா யாரும் வந்து சேரக்கூடாதுன்னு. கடைசி ஆள் போட்டதும் குளோஸ் பட்டன், அதுக்கு மேல அந்த மெஷின் ஓட்டு வாங்காது.

இப்ப வருது 17சி. இந்த பூத்ல பட்டியல்படி எத்தனை வாக்காளர், 17ஏ-ல எத்தனை பேர், ஓட்டு வேண்டாம்னு போனவங்க எத்தனை, அனுமதிக்காதவங்க எத்தனை, சோதனை ஓட்டு எத்தனை, மெஷின்ல மொத்தம் எத்தனை, டெண்டர் எத்தனை, பேப்பர் சீல் நம்பர் என்ன, எல்லாம் ஒரே தாள்ல. பிரிசைடிங் ஆபீசர் கையெழுத்து போட்ட நகல் அங்க இருக்குற ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் குடுக்கணும்னு 49எஸ் விதி சொல்லுது. அவரா இரக்கப்பட்டு குடுக்குறது இல்ல, அவர் கடமை. ஆனா அங்க இருக்குறவங்களுக்குத்தான், வீட்டுக்குப் போனவங்களுக்கு இல்ல. இவ்வளவு நேரம் உழைச்ச அந்த டீச்சர்களும் அசந்து போயிருப்பாங்க, பஸ் வந்து நிக்கும், "நாளைக்கு வாங்கிக்கங்க தம்பி"ன்னு சொன்னாலும் மரியாதையா "இல்ல சார், இருந்து வாங்கிட்டே போறேன்"னு நில்லுங்க.

வாங்கினதும் மெஷின் டோட்டல் உங்க நோட்டு கணக்கோட ஒத்துப் போகுதா, மெஷின் நம்பர் சரியா, எங்கயாவது காலியா விட்டிருக்கான்னு அங்கயே பாருங்க, வெளிய வந்து பார்த்தா திருத்த ஆள் இருக்காது. பெட்டியை மூடி சீல் வைக்கும்போது நீங்களும் உங்க சீலை வைக்கலாம். வண்டி பின்னாடி உங்காளு ஒருத்தர் ஸ்ட்ராங் ரூம் வரைக்கும் போகலாம்.

இந்த ஒத்தைத் தாளுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னு கேட்டீங்கன்னா, 2024 நாடாளுமன்றத் தேர்தல்ல ஆணையம் சதவீதத்தை மட்டும் சொல்லுது, எண்ணிக்கையைச் சொல்லலன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சண்டை போச்சே, அப்ப ஆணையம் திரும்பத் திரும்ப சொன்ன பதில் "17சி ஏஜென்ட்டுங்க கைல இருக்கு"ங்கிறதுதான். சரி, எல்லா பூத்லயும் எல்லா கட்சி கைலயும் இருந்துச்சா? ஒரு சட்டமன்றத் தொகுதிலயே நூத்துக்கணக்குல பூத், முழுசா 17சி சேர்த்து வெச்சிருக்குற கட்சியைக் கை விட்டு எண்ணிடலாம். தாளை வாங்காம வந்துட்டு மெஷின் மேல சந்தேகப்படுறது, பில்லை வாங்காம வந்துட்டு கடைக்காரன்கிட்ட சண்டை போடுற மாதிரி. 2021-ல தியாகராய நகர் 137 ஓட்டுல முடிஞ்சுச்சு. 2016-ல ராதாபுரம் 49 ஓட்டு, அது தபால் ஓட்டு தகராறுல ஹைகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டு, எண்ணினதுக்கு அப்புறம் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டு, இழுத்துட்டே போச்சு. இந்த மாதிரி வித்தியாசத்துல உங்க பூத்தோட ஒரு தாள் என்ன விலைன்னு நீங்களே பார்த்துக்கங்க.

எண்ணுற அன்னைக்கு வேற ஆள் உக்காருவாங்க, படிவம் 18 குடுத்து வாங்குற கவுன்ட்டிங் ஏஜென்ட். உங்க பூத் மெஷின் மேஜைக்கு வரும்போது அவர் பார்க்க வேண்டியது சீல் நம்பர், மெஷின் நம்பர், மொத்த ஓட்டு, இது மூணும் உங்க 17சி-யோட ஒத்துப் போகுதான்னு. ஒத்துப் போகலன்னா ரிசல்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணும். அவர் கைல தாள் இருந்தாத்தானே பார்ப்பாரு, அதனால பூத்ல இருந்து நேரா வீட்டுக்குப் போய் முதல் வேலையா போனை எடுத்து 17சி-யை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிட்டு, ஒரிஜினலை தலைமை ஏஜென்ட் கைல குடுத்து வாங்கினேன்னு ஒரு கையெழுத்தும் வாங்கிட்டு, அப்புறம் சாப்பிடப் போங்க. அந்தத் தம்பி போன தடவை ராத்திரி எட்டேமுக்காலுக்கு அந்தத் தாளோட எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னான், மடிக்காம, நோட்டு நடுவுல வெச்சு.